அரக்குக் கலர் அரிப்பு

கையைச் சொறியாதீங்க சார், சட்டைதான் காரணம்னும் சொல்லாதீங்க. சொறிஞ்சா இன்னும் தடிக்கும். நான் டாக்டர் கிடையாது, திருச்சியில ஜவுளிக்கடையில பட்டுச்சேலை செக்‌ஷன்ல நிக்கிறவன். பேரு தெய்வசிகாமணி. ஆனா அரிப்பு விஷயத்துல நமக்கு அனுபவம் ஜாஸ்தி. ஒரே ஒரு அரிப்பை வச்சுக்கிட்டு ஒரு குடும்பத்தையே ரெண்டாக்கின ஆளு சார் நான். ஜன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்குக் காத்து வேண்டாம். இன்னிக்கு எனக்கு நல்லா வேர்க்கணும். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

வயித்தைப் பாக்குறீங்க. பரவாயில்லை, பாருங்க. கண்டக்டரும் பாத்தாரு. இதுல பாதிதான் என் வயிறு. மீதி என்னன்னும் அப்புறம் சொல்றேன்.

முன்னாடி லேடீஸ் சீட்ல மடியில மஞ்சப்பையை வச்சுக்கிட்டு நேரா ரோட்டைப் பாத்து உக்காந்திருக்கா பாருங்க, அதுதான் என் சம்சாரம் வேதவல்லி. பையில தாம்பாளம், வெத்தலை பாக்கு, பத்திரிகை. எங்க பொண்ணு சிவரஞ்சனிக்கு அடுத்த மாசம் கல்யாணம். திருபுவனத்துல இருக்கிற தாய்மாமனை அழைக்கப் போறோம். போறோம்னா, அவ போறா, நான் பின்னாடியே போறேன். "மாமா வந்து மாலை போடாம நான் மணையில உக்கார மாட்டேன்ப்பா"ன்னு பொண்ணு சொல்லிட்டா. அந்த மாமன் என்ன சொல்லியிருக்கான்னா, "அத்தான் வந்து கூப்பிடட்டும்க்கா, பாக்கலாம்"னு. பாக்கலாம்னா என்ன சார் அர்த்தம்? வருவேன்னா, வரமாட்டேன்னா? எனக்கு ஒரு வாரமா சோறு இறங்கலை.

அவன் பேரு குஞ்சிதபாதம். சம்சாரத்தோட கூடப்பொறந்த தம்பி. பட்டு நூலுக்குச் சாயம் போடுற பட்டறை வச்சிருந்தான். எங்க முதலாளிக்கு நெய்து குடுக்கிறவங்க எல்லாருமே நூலை அவன்கிட்டதான் குடுப்பாங்க. அரக்குன்னா அவன் அரக்குதான். நான் சிபாரிசு பண்ணி ஏத்திவிட்டதுதான் அதுவும். அதனாலதான் இறக்கிவிடவும் எனக்கு சுலபமா இருந்துச்சு.

எங்க வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல? சேலையைப் பிரிச்சுப் போட்டா மட்டும் யாரும் வாங்க மாட்டாங்க. நாங்களே கட்டிக் காட்டணும். இந்த மீசையை வச்சுக்கிட்டு, இடுப்புல கொசுவம் சொருகி, முந்தானையைத் தோள்ல போட்டு, கண்ணாடி முன்னாடி இந்தப் பக்கம் ஒரு திரும்பு, அந்தப் பக்கம் ஒரு திரும்பு. கல்யாணப் பொண்ணோட அம்மாவெல்லாம் "அண்ணனுக்கு என்னமா எடுப்பா இருக்கு"ன்னுட்டு அதையே எடுத்துக்கிட்டுப் போவாங்க. எங்க வீட்டு அம்மா மட்டும் நான் கட்டிக் காட்டின எதையும் இதுவரைக்கும் எடுத்ததில்லை.

கொரோனா வந்த வருஷம் ஆடி மாசம். கடையைத் திறந்துக்கலாம்னு சொல்லிட்டாங்க, ஆனா வர்றதுக்கு ஆள் இல்லை. தள்ளுபடி போர்டை நாங்களேதான் படிச்சோம். சும்மா நின்னா முதலாளிக்குப் பிடிக்காது. அதனால அதே செக்‌ஷன்ல கூட நிக்கிற அன்வர் பாயும் நானும் ஒருத்தருக்கொருத்தர் சேலை கட்டிக் காட்டிக்கிட்டு இருந்தோம். அப்பதான் அந்த அரக்கு ஸ்டாக் வந்துச்சு. பிரிச்சதும் நான்தான் முதல்ல தோள்ல போட்டேன். அன்னிக்குக் கண்ணாடியில என்னைப் பாத்து நானே கொஞ்சம் மயங்கினேன்.

அடுத்த நாள் காலையில எந்திரிக்கிறேன், தோள்ல ஆரம்பிச்சு நெஞ்சு முழுக்கத் தடிப்பு. செவசெவன்னு. முந்தானை போற வழி அப்படியே. சாயங்காலம் முதுகுக்கும் வந்துச்சு. தொடையிலயும் இருந்துச்சு. சேலை தொடைக்கு எங்க போச்சுன்னு கேப்பீங்க. அதை நான் கணக்குல எடுத்துக்கலை.

வேதவல்லி பாத்தா. "காணாக்கடி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடிச்சிருக்கு"ன்னா. வெத்தலையில மிளகு வச்சு மெல்லச் சொன்னா, பழைய கம்பளியை எடுத்து முதுகுல தேய்ச்சா. மாடி வீட்டு அம்மா அம்மைன்னாங்க, வாசல்ல வேப்பிலை சொருகுங்கன்னாங்க. அன்வர் பாய், "நேத்து கருவாடு சாப்டியா?"ன்னாரு. வேதவல்லி மெல்லமா, "எதுக்கும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா?"ன்னு கேட்டா. நான் சிரிச்சேன் சார். கடை வாசல்ல தினமும் நெத்தியில துப்பாக்கி மாதிரி வச்சுப் பாக்குறான், காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. இருமுற வியாதி எப்படி முதுகுல வரும்? நீ டிவி பாக்குறதைக் கொறைச்சுக்கன்னு சொன்னேன். அவ கம்பளியை மடிச்சு வச்சுட்டு உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை.

எனக்குப் பதில் தெரிஞ்சுபோச்சுல்ல? முப்பது வருஷமா சேலையைத் தொட்டவன். சாயம்தான். சாயத்துல என்னமோ கலந்துட்டான் குஞ்சிதம். உடனே முதலாளிகிட்டப் போய் சட்டையை அவுத்துக் காட்டினேன். முதலாளி ரெண்டடி பின்னால போனாரு. "ஸ்டாக்கைத் தனியா எடுத்து வை, உன் மச்சினனைக் கூப்பிடு"ன்னாரு. நான் போன் போட்டேன். "மாப்ளே, உன் சாயம் என்னைத் தின்னுடுச்சு"ன்னேன். எப்படி வசனம்? அன்வர் பாய் கைதட்டினாரு.

பஸ் எதுவும் ஓடலை அப்ப. திருபுவனத்துலேர்ந்து அவன் வண்டியிலேயே வந்துட்டான், குறுக்கு வழியெல்லாம் புகுந்து. கடை மாடியில வச்சுப் பேச்சு. பாவம், மாஸ்க்கோட வந்தான். நான்தான், "முதல்ல அதைக் கழட்டிட்டுப் பேசு, மூஞ்சியைப் பாக்கணும்"னேன். எனக்கு மாஸ்க் எப்பவோ தாடைக்கு வந்தாச்சு. கத்துறதுக்கு வாய் வேணும்ல?

அவன் சேலையை எடுத்து நீட்டினான். "மோந்து பாருங்க அத்தான். மட்டமான சாயம்னா மருந்து நெடி அடிக்கும். அடிக்குதா?"ன்னான். நான் மூக்குல வச்சு நல்லா இழுத்தேன். ஒண்ணுமே இல்லை. நெடியும் இல்லை, வேற எதுவும் இல்லை. விட்டுடுவேனா? "மாப்ளே, புதுப் பட்டுன்னா ஒரு வாசம் உண்டு. கஞ்சி வாசம் உண்டு. இதுல எந்த வாசமும் இல்லையே! அப்ப இது பட்டே இல்லை!"ன்னேன். அவன் முகத்தைப் பாக்கணுமே. அவனும் மோந்து பாத்தான், முதலாளியும் மோந்து பாத்தாரு. "வாசம் அடிக்குதேய்யா"ன்னாரு முதலாளி. உங்களுக்கு மூக்கு சரியில்லைன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன். முதலாளியை அப்படிச் சொன்ன ஒரே ஆளு எங்க கடையில நான்தான்.

அன்னிக்குக் காலையிலதான் காப்பித்தூள்ல கலப்படம்னு வேதவல்லிகிட்டச் சண்டை போட்டுட்டு வந்திருந்தேன். காப்பியில மணமே இல்லைன்னு. சாம்பிராணி போட்டா, அதுலயும் மணம் இல்லை. ஊர் முழுக்க ஏமாத்துறான்னு நெனச்சேன் சார். என் மூக்கு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

குஞ்சிதம் சட்டையைக் கழட்டினான். வெறும் உடம்புல அந்தச் சேலையைச் சுத்திக்கிட்டான். "இது என் மேலயே இருக்கட்டும் அத்தான். எனக்கு ஏதாச்சும் வந்தா நான் பட்டறையை மூடிடுறேன். வரலைன்னா நீங்க எல்லார் முன்னாடியும் சாயம் சுத்தம்னு சொல்லணும்"னான். சரின்னேன்.

எங்க வீட்லதான் தங்கினான். வேட்டிக்கு மேல அரக்குச் சேலை. மாடி வீட்டு அம்மா எட்டிப் பாத்துட்டு, வேண்டுதலான்னு கேட்டாங்க. சிவரஞ்சனி மாமாவை அப்படியே செல்போன்ல வளைச்சு வளைச்சுப் படம் எடுத்தா. வீடே சிரிச்சுது சார். இருக்கிறது ஒரே ஹால், ஒரே ஃபேன். அவனும் நானும் பக்கத்துப் பக்கத்துல பாய் போட்டுப் படுத்தோம். தினமும் காலையில கண்ணு முழிச்சதும் நான் பண்ற முதல் வேலை, அவன் முதுகுல குனிஞ்சு மூக்கு இடிக்கிற மாதிரி பாக்குறது. ஏதாச்சும் வந்திருக்கான்னு. "வந்துடுச்சா அத்தான்?"னு தூக்கத்துலயே கேப்பான். "வரும், வரும்"னு சொல்வேன். எனக்குத் தடிப்பெல்லாம் அதுக்குள்ள அமுங்க ஆரம்பிச்சிடுச்சு. கம்பளி வேலை செஞ்சதுன்னு நெனச்சேன்.

வந்துச்சு சார். ஒருநாள் காலையில முதுகு முழுக்க. என்னைவிட அவனுக்கு ஜாஸ்தி.

நான் என்ன பண்ணியிருக்கணும்? அய்யோன்னு சொல்லியிருக்கணும். நான், "பாத்தியா!"ன்னேன். வீடே அதிர்ற மாதிரி. அவன் எந்திரிச்சுக் கண்ணாடியில முதுகைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "எப்படி அத்தான்? நான் அதே சாயத்துல தினம் முழங்கை வரைக்கும் கைவிடுறேனே"ன்னான். குழந்தை மாதிரி கேட்டான். நான் செல்போனை எடுத்து அந்த முதுகைப் படம் புடிச்சேன். எங்க கடைக்காரங்க, நெசவுக்காரங்க எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்ல போட்டேன். "சாயம் போட்டவருக்கே சாயம் ஒத்துக்கவில்லை"ன்னு எழுதி. பேரு போடலை சார். அதை நீங்க கவனிக்கணும். பேரு போடவே இல்லை. முதுகு மட்டும்தான். யார் முதுகுன்னு அவங்களாத்தான் கண்டுபிடிச்சுக்கிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நெசவுக்காரங்க ஒவ்வொருத்தரா அவனுக்குப் போன். நூலைத் திருப்பி அனுப்பிடுப்பான்னு. அவன் எல்லாருக்கும் "சரிங்க, சரிங்க"ன்னு மட்டும் சொன்னான். சேலையை அவுத்து, மடிப்பு கலையாம மடிச்சு, அக்காகிட்ட குடுத்தான். படுத்துக்கிட்டான். ராத்திரி உடம்பு கொதிச்சுது. அதுக்கும் நான், அவமானம், அதான் காய்ச்சல்னேன்.

மறுநாள் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. அப்பதான் சார் எனக்கு சந்தேகம் வந்துச்சு. சாயம் முதுகுல வரலாம், மூச்சுல எப்படி வரும்? ஆம்புலன்ஸ் வந்துச்சு. பெரியாஸ்பத்திரி. அவனை உள்ள கொண்டுபோயிட்டாங்க, எங்களையெல்லாம் வரிசையில நிக்க வச்சு மூக்குல குச்சியை விட்டாங்க. எங்க வீட்டு வாசல்ல தகரம் அடிச்சாங்க. மாடி வீட்டு அம்மா சொருகச் சொன்ன வேப்பிலை தகரத்துக்குப் பின்னால கெடந்து காஞ்சுது.

ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் ஒரு அம்மா இருந்தாங்க. குஞ்சிதத்தோட முதுகைப் பாத்துட்டு, வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி வந்துச்சான்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, "எனக்குத்தாங்க முதல்ல"ன்னேன். எதுலயும் நமக்கு முந்திக்கணும். அவங்க எல்லாத்தையும் கேட்டாங்க. காப்பி மணம் கேட்டாங்க. தொடையில இருந்ததை அப்பதான் ஒத்துக்கிட்டேன். "கொரோனா சிலருக்குத் தோல்லயும் காட்டுங்க. தடிப்பு வரும், கொப்புளம் வரும், கால் விரல் செவந்து வீங்கும். காய்ச்சலே இல்லாமக்கூட வரலாம்"னாங்க. நான் அப்பவும் விடலை. "அப்ப அந்தத் தடிப்புலேர்ந்து அவனுக்கு ஒட்டிக்கிச்சா டாக்டர்?"னேன். "தடிப்பு ஒட்டாது. மூச்சுலதான் பரவும். அவர் யார் பக்கத்துல படுத்திருந்தாரு?"ன்னாங்க.

வேதவல்லி என் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தா. டாக்டர் போன பிறகு ஒண்ணே ஒண்ணு சொன்னா. "நான் டெஸ்ட் எடுக்கலாம்னு சொன்னேன்." அவ்வளவுதான். கத்தலை, அழலை. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தி எப்படியோ சமாளிச்சிருப்பேன். அதுக்கப்புறம் எங்கிட்ட அவ பேசுறதெல்லாம் பொண்ணு மூலமாத்தான். "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு." நான் எதிர்லயே உக்காந்திருப்பேன்.

பொழச்சுட்டான் சார். ரொம்ப நாள் ஆக்சிஜன்ல இருந்தான், பொழச்சு வந்துட்டான். எனக்கு ஒரு கோயில் பாக்கியில்லை, மனசுக்குள்ளயே எல்லாத்துக்கும் போயிட்டு வந்தேன். ஆனா பட்டறை போச்சு. கொதிக்கிற சாயத் தொட்டியோட ஆவிக்கு முன்னால நின்னா இப்பவும் இருமல் வந்துடுதாம். வேற ஒருத்தர்கிட்ட நூலைக் காயப்போடுற வேலைக்குப் போறான். அரக்கு போட்ட கையி சார் அது.

நான் குரூப்ல மறுப்புப் போட்டேனான்னுதானே கேக்குறீங்க? போட்டேன். "சாயத்தில் தவறில்லை எனத் தெரிகிறது"ன்னு போட்டேன். போட்ட அதே நேரத்துல முதலாளி ஆடி வெள்ளிக்கு வாழ்த்து அனுப்பினாரு, எல்லாரும் அதுக்குக் கும்பிடு போட்டாங்க, நம்மது மேல போயிடுச்சு. திரும்ப ஒரு தடவை போட்டிருக்கலாம்தான். எல்லாரும் சிரிப்பாங்களேன்னு விட்டுட்டேன். இப்ப மட்டும் என்ன, சிரிக்காமலா இருக்காங்க? கடையில யாரைக் கொசு கடிச்சாலும் "சிகாமணி அண்ணே, எந்த ஸ்டாக்?"னு கேக்குறானுங்க.

கும்பகோணம் வந்தாச்சு. தண்ணி குடிக்கிறீங்களா? எனக்கு வேண்டாம். எனக்கு வேர்க்குதுல்ல? நல்லா வேர்க்குதுல்ல? அது போதும்.

சரி, வயித்து விஷயத்துக்கு வர்றேன். அவன் மடிச்சுக் குடுத்தான்ல அந்தச் சேலை, அது இத்தனை வருஷமா எங்க பீரோவுல அடியில இருக்கு. அதை யாரும் தொடுறதில்லை. இன்னிக்குக் காலையில வேதவல்லி குளிக்கப் போனப்ப எடுத்து, வெறும் உடம்புல சுத்திக்கிட்டேன். முந்தானையை முதுகுப் பக்கம் கொண்டுவந்து நல்லா அழுத்தி வச்சிருக்கேன். மேல வெள்ளைச் சட்டை. இந்த வெயில்ல பட்டை சுத்திக்கிட்டு ஒருத்தன் பஸ்ல வருவானா? வர்றேன்ல.

ஏன்னா, எனக்கு அந்த வார்த்தை வராது சார். கடையில வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் நாள் பூரா "மன்னிச்சுக்கங்கம்மா, அந்தக் கலர் இல்லை"ம்பேன், தேன் மாதிரி வரும். இவன்கிட்ட வராது. நான் அக்கா புருஷன், அவன் சின்னவன், நான் தூக்கி வளத்தேன்னு என்னென்னமோ குறுக்க வந்து நிக்கும். ஒரு தடவை போன்ல முயற்சி பண்ணி, கடைசியில அவன் தலைமுடி ஏன் கொட்டுதுன்னு யோசனை சொல்லிட்டு வச்சேன். அதனால இன்னிக்குப் பேச்சே கிடையாது. அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு, சட்டையை அவுப்பேன். அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானே, சேலையைக் கட்டிக் காட்டுறது? உள்ள கூப்பிட்டா கூப்பிடட்டும். கதவைச் சாத்தினா, தெருவே பாத்துச் சிரிக்கட்டும்.

அரிக்குதான்னு கேக்குறீங்களா? அட, நானும் காலையிலேர்ந்து அதைத்தான் கவனிச்சுக்கிட்டு இருக்கேன். இல்லை சார். ஒரு இடத்துலகூட இல்லை.

திருபுவனம் வந்துடும் இப்ப. ஒரு உதவி பண்ணுங்க. நான் கொஞ்சம் குனியிறேன், என் முதுகைப் பாருங்க. வெட்கப்படாதீங்க, நான் எத்தனை பேருக்கு முதுகைக் காட்டினவன். சட்டை ஊறியிருக்கா? தொப்பலாவா? நல்லது. இப்ப நல்லா பாருங்க, எங்கயாச்சும் சாயம் இறங்கியிருக்கா? காலர்கிட்ட? இடுப்புகிட்ட? ஒரு சின்னச் செவப்புப் பொட்டு? அவசரப்படாம பாருங்க சார். ஒரு பொட்டு இருந்தாக்கூட எனக்கு ஒரு பிடி கிடைச்ச மாதிரி.

இல்லையா? ஒண்ணுமே இல்லையா? வெள்ளை வெளேர்னு இருக்கா.

அவன் சாயம் சுத்தம் சார். அப்பவும் சுத்தம், இப்பவும் சுத்தம். தப்பு என்னுது.

பாருங்க, உங்ககிட்ட எவ்வளவு லேசா வருது. இதை அவன்கிட்ட சொல்லணும்னுதான் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா, வேதவல்லியும் காத்துக்கிட்டிருக்கா. அதோ எந்திரிச்சுட்டா. என்னைத் திரும்பிப் பாக்க மாட்டா. ஆனா சார், அவ சீட்டைப் பாருங்க. தாம்பாளப் பையை அங்கயே வச்சுட்டு இறங்குறா. அவ எதையும் மறக்கிறவ இல்லை. நான் தூக்கிட்டு வரணுமாம். நான்தான் குடுக்கணுமாம்.

வர்றேன் சார். உங்க கையைக் காலத்தோட டாக்டர்கிட்ட காட்டிடுங்க, சட்டை மேல பழி போடாதீங்க. கண்டக்டர்! நிறுத்துங்க, ஆள் இறங்கணும்!